மணிமேகலையை எங்கே காணோம்?

நம் சங்க மண்டபத்தின் பின்னறையில், பூஜைப் பாத்திரங்கள் வைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மர அலமாரி இருப்பது புதிய அங்கத்தினர்களில் பலருக்குத் தெரியாது. அதில் முந்நூறுக்குக் குறையாமல் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகள். வாரந்தோறும் கிழித்து, அடுக்கி, ஊர்ப் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வாங்கியவை. லண்டனுக்கு வந்தவர்கள் ஊறுகாய் ஜாடிக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, பிற்பாடு சங்கத்துக்குக் கொடுத்தவை.

சமையலறையைப் பெரிதாக்க வேண்டும், அதற்குப் பின்னறை வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தபோது இந்த அலமாரியின் கதி என்ன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. இரவல் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியாக ஒருவர் கையெழுத்திட்டுப் புத்தகம் எடுத்துப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வாசிக்க ஆள் இல்லாத புத்தகத்துக்கு இடம் எதற்கு என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்னதானத்தன்று அந்தச் சமையலறையில் நின்று பார்த்தவர்களுக்கு அவர்கள் கட்சியின் நியாயம் நன்றாகவே தெரியும்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜனைக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து, தாம் ரசித்த நாவல் ஒன்று, ரசித்த சினிமாப் படம் ஒன்று என்று பேசலாமே என ஒருவர் யோசனை சொன்னார். ஆளுக்கு 3 நிமிஷம் என்று விதி. விதியை மதித்தவர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்று, "எனக்குப் படிக்கிற பழக்கம் இல்லை, படம் போட்டால் தூங்கிவிடுவேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் பேசியதைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இதை எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். யார் யார் என்பது அன்பர்களுக்குத் தெரியாமலா போகும்!

முதலில் பேசியவர் கும்பகோணத்துக்காரர். தாம் ரசித்த நாவலும் படமும் ஒன்றே என்றார்: தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1950-களின் பிற்பகுதியில் எழுதிய தொடர்கதை அது. கோபுலுவின் சித்திரங்களோடு வந்தது. ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்து 1968-ல் வெளியிட்டார். அன்பரின் வாதம் என்னவென்றால், அந்த நாவலைப் படிக்கப் பொறுமை வேண்டும். நாகஸ்வர கோஷ்டி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறது என்றால், வண்டி, வழிச் சாப்பாடு, கோயில் உற்சவம், அங்கே கூடிய கூட்டம் எல்லாவற்றையும் ஆசிரியர் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். படத்தில் அத்தனைக்கும் இடம் இல்லை. ஆனால் ரயில் பெட்டியில் சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் ஒருவரையொருவர் பாராமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் காட்சி இருக்கிறதே, அதை எத்தனை பக்கம் எழுதினாலும் கொண்டுவர முடியாது என்றார். பிறகு நாகேஷின் சவடால் வைத்தியைப் பற்றித் தொடங்கினார். மண்டபமே வசனம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. 10 நிமிஷம் போனது தெரியவில்லை.

இங்கே அளவெட்டியைச் சேர்ந்த நம் நண்பர் ஒரு விஷயம் சொன்னார். அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் வாசிப்பதாக வரும் நாகஸ்வரம் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவில் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் தமக்குத் தம் ஊர்த் தட்சிணாமூர்த்தியின் ஞாபகம்தான் வரும் என்றார். 1975-ல் மறைந்த அந்த மேதையின் தவிலைக் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கேட்டவர் இவர். "படத்தில பாலையா தலையை ஆட்டுற மாதிரி எங்கட சனம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டு மணலில இருக்கும்" என்றார். நாவலைத் தாம் படித்ததில்லை என்றும், கும்பகோணத்து அன்பர் சொல்வதைப் பார்த்தால் அதில் தம் ஊரும் இருக்கும்போல் தோன்றுகிறது என்றும் சொன்னார். அந்தப் புத்தகம் அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. இரண்டு பேரும் அன்றைக்கே எழுந்துபோய்ப் பார்த்தார்கள்.

அடுத்துப் பேசிய அம்மையார் நீண்ட நாள் ஆசிரியையாக இருந்தவர். சபை கொஞ்சம் அமைதியாயிற்று. அவர் எடுத்துக்கொண்டது ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள். வாசகர்கள் அபிப்பிராயம் சொன்னதனாலேயே பிறந்த நாவல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் கூறியது எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது. 1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளிவந்தது. மழையில் நிற்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாட்டில் பெரிய புயலே எழுந்தது. எந்தத் தாய் அப்படிச் செய்வாள் என்று கேட்டார்கள். கதையின் முடிவை மாற்றி வேறு கதை எழுதியவர்களும் உண்டு. ஜெயகாந்தன் பதில் சொன்ன விதம் அலாதியானது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல், ஊர் கேட்கக் கதறியிருந்தால் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு நாவலாக எழுதிக் காட்டினார். 1970-ல் புத்தகமாக வந்த அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. 1977-ல் வெளியான படத்துக்குத் திரைக்கதையும் அவரே எழுத, பீம்சிங் இயக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது கிடைத்தது.

அம்மையார் சொன்ன சொந்தச் சமாசாரம் இது. சிறுகதை வெளிவந்தபோது அவருக்கு வயது 17. வீட்டில் தகப்பனார் அந்த இதழை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். எதிர்வீட்டில் வாங்கிப் படித்திருக்கிறார். அன்று இரவு தாயாரிடம், "அம்மா, எனக்கு அப்படி ஆகியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டிருக்கிறார். தாயார் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாராம். "எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் இங்கே வீடியோ கேஸட்டில் அந்தப் படத்தைப் பார்த்தோம். அம்மா அப்போது எங்களோடு வந்து இருந்தாள். படம் முடிந்ததும், 'நீ அன்றைக்குக் கேட்டாயே, நான் தண்ணீர்தான் கொட்டியிருப்பேன்' என்றாள்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

இதற்குப் பிறகு யாரும் உடனே பேச எழவில்லை. காப்பி கொண்டுவந்தார்கள். அந்த நாவலின் கடைசிப் பகுதியில் கங்கா குடிக்க ஆரம்பிப்பதை ஏற்க முடியாது என்று ஓர் அன்பர் காப்பியோடு காப்பியாகச் சொல்ல, அதற்கு இரண்டு மூன்று பேர் பதில் சொல்ல, பேச்சு மறுபடி சூடு பிடித்தது. ஜெயகாந்தனுக்கும் அந்த முடிவோடு கங்காவை விட்டுவிட மனம் வரவில்லை போலும். 1978-ல் 'கங்கை எங்கே போகிறாள்?' என்று தொடர்ச்சி எழுதினார். அதைப் படித்தவர் நம் மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. நான் உள்பட.

நாவலைப் படமாக்கினால் கெட்டுப்போகும் என்பது நம்மில் பலருடைய தீர்மானமான கொள்கை. அதை எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனால் இயக்குநர் மகேந்திரனை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரியவில்லை. உமாசந்திரன் எழுதிய முள்ளும் மலரும் கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்ற நாவல். 1978-ல் மகேந்திரன் அதைத் தம் வழியில் மாற்றிக்கொண்டுதான் படமாக்கினார். அடுத்த வருஷம் வந்த உதிரிப்பூக்கள் இன்னும் ஒரு படி மேல். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாயில்லாக் குழந்தைகளும், அவர்களைப் பார்க்கும்போது நம் வயிற்றில் ஏற்படும் சங்கடமும்தான் பொது. மற்றதெல்லாம் மகேந்திரன் கட்டியது. புதுமைப்பித்தனைப் படித்தவர் படத்தில் ஏமாந்தார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அது விதிவிலக்கு" என்று சொல்லிக் குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதைக்கும் படத்துக்கும் சண்டையே இல்லாத காலமும் இருந்தது. 1939-ல் கல்கியின் தியாகபூமி ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே கதையோடு அச்சிட்டார்கள். படித்தவர் படம் பார்க்கப் போனார். பார்த்தவர் பத்திரிகை வாங்கினார். பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது தனிக் கதை.

இளைஞர் ஒருவர் வெற்றிமாறனின் அசுரன் படத்தைச் சொன்னார். 2019-ல் வந்தது. கைத்தொலைபேசியில் பார்த்தாராம். பூமணியின் வெக்கை என்ற நாவல் அதற்கு மூலம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டு, கல்யாணராமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்திருக்கிறார். 1982-ல் வெளிவந்த நாவல் அது. கொலை செய்துவிட்ட 15 வயதுப் பையனும் தகப்பனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் எட்டு நாட்கள்தான் அதன் கதை. "படத்தில் சண்டை அதிகம். புத்தகத்தில் சாப்பாடு அதிகம். அப்பா என்ன சமைத்தார், பையன் எதைப் பறித்துத் தின்றான் என்று வந்துகொண்டே இருக்கிறது. எனக்குப் புத்தகத்தில்தான் பயமாக இருந்தது" என்றார். படத்தையும் நாவலையும் இவ்வளவு சுருக்கமாக ஒப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழில் படிக்க முடிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று அவரே சொன்னார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

இனித் தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன்.

கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, 86 வயதான தன் பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து பேசுவோம் என்றாள். பொன்னியின் செல்வன்தான். சொல்லவும் வேண்டுமா! 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை கல்கியில் வந்தபோது பாட்டிக்குப் பள்ளிக்கூட வயது. பத்திரிகை வந்ததும் முதலில் தகப்பனார், அப்புறம் அண்ணன்மார், அப்புறம் அம்மா, கடைசியில் இவர். தம் முறை வருவதற்குள் அடுத்த வீட்டுத் தோழி கதையைச் சொல்லிவிடுவாளாம். அதற்காகவே அவளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்ததாகச் சொன்னார். மணியம் வரைந்த வந்தியத்தேவனைத் தவிர வேறு எந்த வந்தியத்தேவனையும் தம்மால் ஒப்புக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்.

எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்க 1950-களின் கடைசியிலேயே முயன்றார், நடக்கவில்லை. கடைசியில் மணிரத்னம் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலுமாக இரண்டு பாகங்கள் வந்தன. நம் அங்கத்தினர்கள் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனதும், போகும் வழியெல்லாம் காரில் குழந்தைகளுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிக் குழப்பியதும் ஞாபகம் இருக்கும். பாட்டியையும் பேத்தி அழைத்துப் போயிருக்கிறாள். இரண்டாம் பாகம் முடிந்து விளக்குப் போட்டதும் பாட்டி எழுந்திருக்கவில்லையாம்.

"ஏண்டி, மணிமேகலையை எங்கே காணோம்?"

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐம்பெருங்காப்பியம் படித்திருந்த பேத்தி, கோவலனுடைய பெண் இந்தக் கதையில் எப்படி வருவாள் பாட்டி என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே பாட்டி சொல்லத் தொடங்கிவிட்டார். கந்தமாறனின் தங்கை, கடம்பூர் மாளிகையில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த பெண், அண்ணன் வாயால் கேட்ட புகழ்ச்சியிலேயே வந்தியத்தேவனை மனத்தில் வரித்துக்கொண்டவள். ஐந்து பாகத்திலும் பாட்டிக்கு அவள்தான் எல்லாம். குந்தவையும் நந்தினியும் அரண்மனைக்காரர்கள். மணிமேகலை தம்மைப் போல ஒரு பெண் என்று 12 வயதில் நினைத்திருக்கிறார். படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. 2 படத்துக்குள் அவ்வளவு பெரிய கதையை அடைக்கும்போது யாரையாவது இறக்கிவிடத்தான் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. பாட்டிக்குப் புரியவில்லை. புரிய வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் மாட்டேன். அவள் கதி கடைசியில் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மதுராந்தகர் விஷயத்தையும் சொல்லப்போவதில்லை. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டு பெரிய ஆச்சரியங்கள் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பாட்டிக்குக் கண் இப்போது சரியாகத் தெரியாது. பேத்திக்குத் தமிழ் வேகமாக ஓடாது. ஆகவே இப்படி ஏற்பாடு: இரவு சாப்பாட்டுக்குப் பின் பேத்தி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தடுக்கினால் பாட்டி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். சில சமயம் அடுத்த வாக்கியத்தையே சொல்லிவிடுவாராம். அதற்காகப் பேத்தி கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடியதும் உண்டு. பக்கத்து வீட்டுத் தோழியோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவருக்கு இந்தக் கோபம் புரியாமலா இருக்கும்! வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமீது வந்தான் அல்லவா, அதற்கே 2 வாரம் ஆயிற்று. ஆழ்வார்க்கடியான் சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும் இடத்தில் பேத்திக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பாட்டி நிறுத்தி, சைவம் என்றால் என்ன, வைஷ்ணவம் என்றால் என்ன, அத்வைதம் என்ன சொல்லுகிறது என்று 3 இரவு விளக்கியிருக்கிறார். நம் சங்கத்தில் எத்தனையோ சொற்பொழிவுகள் நடந்திருக்கின்றன. அந்தப் பெண் அவற்றில் ஒன்றுக்கும் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் பாகம் இப்போதுதான் பாதி ஆகியிருக்கிறது. "இந்த வேகத்தில் ஐந்து பாகமும் முடிய எத்தனை வருஷம் ஆகும்?" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள். பேத்தி பதில் சொல்லவில்லை. பாட்டி, "எனக்குக் கதை தெரியும். அவளுக்குத்தான் முடிக்கணும்" என்றார்.

கடைசியாக எழுந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். அவர் சொன்ன நாவல் செங்கை ஆழியானின் வாடைக்காற்று. வாடைக்காற்று வீசும் பருவத்தில் நெடுந்தீவுக் கடற்கரைக்கு வந்து வாடி போடும் மீனவர்களின் கதை. அதுவும் படமானது, 1978-ல், இலங்கையிலேயே. இந்தியாவிலிருந்து வரும் பெரிய படங்களுக்கு நடுவே நம் பேச்சை, நம் கடலைத் திரையில் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை அவர் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு, "நாவலை நான் யாழ்ப்பாண நூலகத்தில எடுத்துத்தான் வாசிச்சனான். திருப்பிக் குடுத்திட்டன். குடுக்காமல் வைச்சிருந்திருக்கலாம் எண்டு பிறகு எத்தனையோ நாள் நினைச்சிருக்கிறன்" என்றார். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த அந்த நூலகத்தில் 90,000-க்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. மறுநாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர் இவர். அதைப் பற்றி விவரமாகப் பேச விரும்பவில்லை. நிர்வாகக் குழுவினர் இருந்த பக்கம் திரும்பி, "உங்களுக்கு இடம் வேணும், எனக்கு விளங்குது. ஆனால் எறியிறதெண்டு மட்டும் சொல்லாதேங்கோ. என்ர வீட்டில கராஜ் இருக்கு. கார் வெளியில நிக்கட்டும்" என்றார்.

தலைவர் எழுந்து, அலமாரி பற்றிய முடிவை அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தார். சமையலறை வேலை அதனால் தாமதமாகும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்கள் பொதுக்கூட்டத்துக்கு வந்து சொல்ல வேண்டுகிறேன். புத்தகக் கட்சிக்காரர்களும் வர வேண்டும். கை தூக்கும் நேரத்தில்தான் நம்மவர்களுக்குக் கார் நிறுத்திய இடம் ஞாபகம் வரும்.

அன்று இரவல் நோட்டில் 5 பேர் கையெழுத்திட்டார்கள். தில்லானா மோகனாம்பாளை அளவெட்டி நண்பர் எடுத்துப் போயிருக்கிறார். கும்பகோணத்து அன்பர் அவருக்குப் பிறகு என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு வேண்டுகோள். நம் அலமாரியில் உள்ள பொன்னியின் செல்வன் பைண்டுத் தொகுதியில் மூன்றாம் பாகமான கொலை வாளில் நடுவே சில அத்தியாயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. யாரிடமாவது கல்கியிலிருந்து கிழித்துவைத்த பழைய பக்கங்கள் இருந்தால் நகல் எடுத்துத் தர வேண்டுகிறேன். கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாகிவிட்டன, நாவல் புது அச்சில் எங்கும் கிடைக்கிறது என்பதெல்லாம் தெரியும். பாட்டியிடம் அதைச் சொல்லிப் பார்த்தோம். மணியம் படம் உள்ள பக்கம்தான் வேண்டுமாம். அவசரம் இல்லை. அவர்கள் இன்னும் கடம்பூர் மாளிகையை விட்டு வெகுதூரம் போகவில்லை.